சிங்கனும் சிங்கியும் வகுப்பைக் கையில் எடுத்தால்

தமிழ் வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டால் பாடம் நடக்கவில்லை என்று முடிவுகட்டுவது நம் பள்ளிகளில் வழக்கம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். தலைமையாசிரியர் வராந்தாவில் நடையைக் குறைப்பார். அதற்குப் பயந்தே, ஒரு பையன் குறும்பாக வாயைத் திறந்ததும் "சரி சரி, பாடத்தைப் பார்" என்று அடக்கிவிடுகிறோம்.

பதினோராம் வகுப்புக்குக் குற்றாலக் குறவஞ்சி என்ற பழைய பாட்டு நாடகத்தை நடத்தினேன். குறி சொல்லிவிட்டுத் திரும்பிவரும் குறத்தி சிங்கியை, அவள் அணிந்திருக்கும் நகைகளைப் பற்றி அவள் கணவன் சிங்கன் குடைந்து குடைந்து கேட்கும் பகுதி. "காலுக்கு மேலே பெரிய விரியன் கடித்துக் கிடப்பானேன் சிங்கி?" என்பான் அவன். "சேலத்து நாட்டில் குறிசொல்லிப் பெற்ற சிலம்பு கிடக்குதடா சிங்கா" என்பாள் அவள். ஆளுக்கு ஒரு வரியாகப் படிக்கச் சொல்லியிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து புத்தகத்தில் இல்லாத ஒரு வரி வந்தது: "கையிலே கருவண்டு கட்டிக் கிடப்பானேன் சிங்கி?"

முன்வரிசை மாணவி ஒருத்தி யோசிக்கவே இல்லை. "துபாய் நாட்டு மாமா வாங்கிக் கொடுத்த வாட்சு கிடக்குதடா சிங்கா!"

அப்புறம் வகுப்பு என் கையில் இல்லை. தண்ணீர்ப் பாட்டில், ஜியோமெட்ரி பாக்ஸ், சைக்கிள் சாவி என்று எல்லாம் பாம்பாகவும் பூச்சியாகவும் மாறின. ஒருத்தி "அக்கா கொடுத்தது" என்று பதில் சொன்னபோது எதிர்ப்பக்கம் கத்தினார்கள்: "செல்லாது, ஊர் பேர் வரணும்!" விதியை எங்கிருந்து பிடித்தார்கள்? பாட்டிலிருந்துதான். சிலம்பு சேலத்து நாட்டில் கிடைத்தது, காலாழி என்ற கால்விரல் மோதிரம் கண்டி தேசத்தில் கிடைத்தது. "அப்போ பாடகம்னு ஒரு கால் நகை வருதே? பாண்டியனார் மகள் என்றுதானே இருக்கு, அது ஊரா?" என்று இன்னொருவன். எல்லோரும் புத்தகத்துக்குள் குனிந்தார்கள். படி படி என்று நான் தொண்டை கிழியச் சொன்னாலும் அப்படிக் குனிந்திருக்க மாட்டார்கள். அந்தச் சந்தடியில் ஒரு மாணவி கேட்டது எந்த நோட்ஸிலும் இல்லாதது: "எல்லாம் அவ தொழில் செஞ்சு சம்பாதிச்சது. அது ஏன் ஐயா இவன் கண்ணுக்குப் பாம்பாத் தெரியுது?"

நான் பதில் சொல்லவில்லை. அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கூத்தை இலக்கியத்துக்கு வெளியே உள்ளதாக நினைப்பதுதான் வேடிக்கை. குறவஞ்சியே ஆடிப் பாட எழுதப்பட்டது. மாணிக்கவாசகரின் திருச்சாழல் பெண்கள் விளையாட்டின் வடிவத்தில் அமைந்தது: கோயிலோ சுடுகாடு, உடையோ புலித்தோல், தாயுமில்லை தந்தையுமில்லை என்று ஒருத்தி சிவனையே கேலி செய்வாள், மற்றவள் மடக்குவாள். நாம்தான் அதைக் கைகட்டி மனப்பாடம் செய்யும் பொருளாக்கி வைத்திருக்கிறோம்.

மாணவர் தொடங்கிய விளையாட்டை ஆசிரியர் கெடுக்கச் சுலபமான வழி, அதைச் "செயல்பாடு" ஆக்குவது. நாளைக்கு ஐந்து பேர் கொண்ட குழுவாக வாருங்கள், அகமதிப்பீட்டில் சேர்த்துக்கொள்கிறேன் என்றால் போச்சு. மறுநாள் அண்ணன் எழுதிக்கொடுத்த தாளோடு வந்து நிற்பார்கள்.

அதற்காகக் காதை மூடிக்கொள்ளவும் கூடாது. குறவஞ்சிப் பாடத்தில் இன்னும் கவனம் வேண்டும். குறவர் சமூகத்துப் பிள்ளை நம் வகுப்பிலேயே இருக்கலாம். "சிங்கி" என்ற பெயர் மணி அடித்த பிறகும் ஒரு பெண்ணைத் துரத்தினால் அது விளையாட்டில்லை. நிறம், உடம்பு, வீட்டு நிலைமை பற்றிய கேள்வி வந்தாலும் அப்படித்தான். உடனே நிறுத்த வேண்டும், எல்லோர் முன்னாலும். யாரைச் சொன்னார்களோ அந்தப் பிள்ளையிடம் தனியாகவும் பேச வேண்டும். என் வகுப்பில் இப்போது ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: சிங்கன் பொருளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், ஆளைப் பற்றிக் கேட்கக் கூடாது. மற்ற விதிகளை அவர்களே போட்டுக்கொள்கிறார்கள்.