தொட்டி அகற்றப்பட்ட பின்னும் தொடரும் கண்காணிப்பு

பெட்ரோல் நிலையம் ஒன்று மூடப்பட்டு, அதன் நிலத்தடித் தொட்டிகள் தோண்டி எடுக்கப்பட்ட பிறகும், அந்த இடத்தில் கண்காணிப்புக் கிணறுகள் பல ஆண்டுகளுக்கு விட்டுவைக்கப்படுவதுண்டு. தொட்டியே இல்லாதபோது எதைக் கண்காணிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். பாதுகாப்புப் பூச்சில்லாத எஃகுத் தொட்டி ஈரமண்ணில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலும், குழாய் இணைப்பு தளர்ந்து கசிந்திருந்தாலும், வெளியேறிய எரிபொருள் தொட்டியோடு மேலே வந்துவிடுவதில்லை. அது மண்துகள்களின் இடுக்குகளில் தங்கி, நிலத்தடி நீர் தொடும்போதெல்லாம் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும்.

பெட்ரோல் நீரைவிட இலேசானது என்பதால், மண்ணுக்குள் இறங்கியதும் நீர்மட்டத்தின் மேல் படலமாகத் தேங்குகிறது. அதன் கூறுகளில் பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கையும் ஆய்வகங்கள் வழக்கமாக அளக்கின்றன. இவற்றுள் பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு. பெட்ரோலில் ஒரு சதவீதம் பென்சீன் இருந்தால்கூட, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீரில் இந்த அளவைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் கரைய முடியும்.

கரைந்த மாசு நீரோட்டத்தின் திசையில் நகர்கிறது. அந்தத் திசையை அறியக் குறைந்தது மூன்று கிணறுகள், அதுவும் ஒரே கோட்டில் அமையாதவையாக, தேவை. மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால் நீர்ப்பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். கிணறு என்றாலும் இது பெரும்பாலும் சுமார் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய்தான். அதன் கீழ்ப்பகுதியில் மெல்லிய கீறல்கள் இருக்கும். அவற்றைச் சுற்றி மணல் நிரப்பி, மேலே பெண்டோனைட் களிமண்ணால் அடைத்து, மழைநீர் குழாயின் ஓரமாக இறங்காதபடி செய்வார்கள். கீறல் உள்ள பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். அது முழுவதும் நீருக்குள் மூழ்கியிருந்தால், மிதக்கும் பெட்ரோல் கிணற்றுக்குள் வர வழியே இல்லாமல் போகும்.

மாதிரி எடுப்பது எளிய வேலை போலத் தோன்றும். பிழை நுழைவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் உணரி பொருத்திய அளவுநாடாவை இறக்குவார்கள். எண்ணெயைத் தொட்டால் ஒரு விதமாகவும் நீரைத் தொட்டால் வேறு விதமாகவும் அது ஒலிக்கும். இரண்டு ஆழங்களுக்கும் உள்ள வேறுபாடே மிதக்கும் படலத்தின் தடிமன். படலம் இல்லையென்றால், நீரைக் கலக்காமல் மிக மெதுவாக இறைத்து, அதன் மின்கடத்துதிறனும் கரைந்த ஆக்சிஜனும் நிலையான அளவுக்கு வரும்வரை காத்திருந்து, 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்புவார்கள். மூடியபின் குப்பியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு குமிழி தெரிந்தாலும் பென்சீன் அந்தக் காற்றுக்குள் ஆவியாகிவிடும் என்பதால், அந்த மாதிரி எடுபடாது.

இத்தனை கவனத்தோடு பெற்ற எண்ணும் தனித்து நின்றால் ஏமாற்றக்கூடியது. மழைக்குப்பின் நீர்மட்டம் உயரும்போது, மண் இடுக்குகளில் இருந்த எண்ணெய் நீருக்கடியில் சிக்கிக்கொள்வதால், கிணற்றில் மிதந்த படலம் மறைந்துவிடலாம். வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அதே படலம் திரும்பவும் தோன்றலாம். படலம் மறைந்த ஒரு பருவத்தை மட்டும் பார்த்து இடம் தூய்மையாகிவிட்டது என்று அறிக்கை எழுதுவது அவசரம். ஒவ்வொரு செறிவு அளவையும் அன்றைய நீர்மட்டத்தோடு சேர்த்து வரைபடத்தில் குறித்து, பல பருவங்களை ஒப்பிட்டால்தான் உண்மைப் போக்கு புலப்படும்.

மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளும் பென்சீனைச் சிதைக்கின்றன. இதில் அவை முதலில் ஆக்சிஜனையும், அது தீர்ந்தபின் நைட்ரேட், மண்ணில் கரையாமல் இருக்கும் இரும்பு, சல்ஃபேட் ஆகியவற்றையும் பயன்படுத்துகின்றன. இறுதியில் மீத்தேன் உருவாகிறது. எனவே மாசுப் பகுதியின் நடுவில் ஆக்சிஜனும் சல்ஃபேட்டும் குறைந்து, கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியிருந்தால், சிதைவு நடக்கிறது என்பதற்கு அது வலுவான சான்று. கலிஃபோர்னியாவின் கசிவு இடங்களை ஆராய்ந்து லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பென்சீன் மாசு பெரும்பாலான இடங்களில் சுமார் 75 மீட்டருக்குள் நின்றுவிட்டதாகத் தெரியவந்தது.

எரிபொருளில் சேர்க்கப்பட்ட எம்டிபிஇ என்ற ஈதருக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. அது நீரில் தாராளமாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, எளிதில் சிதையாது. ஆகவே பென்சீனை முந்திக்கொண்டு வெகுதூரம் செல்லும். கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம், தன் குடிநீரில் ஏறக்குறைய பாதியை வழங்கிவந்த கிணறுகளை 1996-இல் மூட நேர்ந்தது இதனால்தான்.

நீரை இறைத்தோ காற்றைச் செலுத்தியோ சுத்திகரித்த இடங்களில், கருவிகளை நிறுத்திய பிறகும் கண்காணிப்பைத் தொடர வேண்டும். களிமண் அடுக்குகளில் பதுங்கியிருந்த மாசு மெல்லக் கசிந்து, குறைந்த செறிவு மறுபடி ஏறுவது அடிக்கடி நிகழ்கிறது. அளவுகள் நெடுங்காலம் வரம்புக்குக் கீழே நிலைத்த பின்னரே கிணறுகளைக் கைவிடலாம். அப்போதும் அவற்றை வெறுமனே விட்டுவிடாமல், அடி முதல் மேல் வரை சிமென்ட் அல்லது பெண்டோனைட் கலவையால் அடைக்க வேண்டும். திறந்து கிடக்கும் குழாய், தரைமேல் சிந்தும் எதையும் நேரே நிலத்தடி நீருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.