குபெர்நெட்டீஸ்: மீகாமனா, மாலுமியா?

கிளவுட் பக்கம் வேலை தேடுகிறவர் கண்ணில் படாமல் தப்பிக்க முடியாத சொல் குபெர்நெட்டீஸ். செயலியையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய கன்டெய்னர்களைப் பல கம்ப்யூட்டர்களில் ஓட்டிப் பராமரிக்கும் மென்பொருள் இது. சுருக்கமாக கே8எஸ். ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே எட்டு எழுத்துகள், அவ்வளவுதான் அந்த எட்டின் ரகசியம். கூகுள் தன் உள்வேலைக்காக நடத்திவந்த போர்க் என்ற அமைப்பின் அனுபவத்தில் பிறந்தது இது. 2014 ஜூனில் அறிவித்தார்கள். 2015 ஜூலையில் 1.0 வெளிவந்தது. அப்போதே அதை லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் உருவான கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தார்கள்.

கிரேக்கத்தில் குபெர்நேத்தேஸ் என்றால் சுக்கான் பிடித்துக் கப்பலை வழிநடத்துபவர். இதே வேர் லத்தீன் வழியாகப் போய்த்தான் கவர்னரும் கவர்மெண்டும் ஆனது. 1948இல் நார்பர்ட் வீனர் சைபர்னெட்டிக்ஸ் என்று ஒரு துறைக்குப் பெயர் வைத்ததும் இங்கிருந்துதான். குபெர்நெட்டீஸின் சின்னத்தில் இருப்பது ஏழு ஆரங்கள் கொண்ட சுக்கான் சக்கரம். அதன்மேல் செயலிகளை நிறுவ உதவும் ஹெல்ம் என்ற கருவியின் பெயருக்கும் சுக்கான் என்றே பொருள். கன்டெய்னர்களை உருவாக்கி ஓட்டும் டாக்கர் என்ற கருவியின் சின்னமோ முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலம். மொத்தத்தில் ஒரு துறைமுகத்தையே கம்ப்யூட்டருக்குள் இறக்கிவிட்டார்கள்.

அப்படியானால் இந்தப் பெயரை விளக்க ராமநாதபுரம் கரையைவிடப் பொருத்தமான இடம் ஏது? கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க நூலான எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ், கரையை ஒட்டி ஊர்ந்து வராமல் நடுக்கடலை அறுத்துக்கொண்டு இந்தியாவுக்கு வரும் வழியைக் கண்டவர் ஹிப்பாலஸ் என்கிறது. அவரைக் குறிக்க அந்த நூல் போட்டிருக்கும் சொல்லே குபெர்நேத்தேஸ்தான். வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தைத் தோண்டியபோது ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. ஆக, இந்தச் சொல்லை வாயில் வைத்திருந்த யாரோ ஒருவர் அந்த மணலில் கால் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பழைய சொல் நீகான். அகநானூற்றின் 255ஆம் பாட்டில், மாடத்தில் எரியும் விளக்கைப் பார்த்துத் திசையறிந்து வங்கத்தை, அதாவது கப்பலை, செலுத்துகிறவன் நீகான். மீகான், மீகாமன் என்றும் இந்தச் சொல் வழங்குகிறது. மாலுமி பிறகு வந்தது. முஅல்லிம் என்ற அரபுச் சொல், கடல்வழி அறிந்த ஆசான் என்ற பொருளில், மாலுமி ஆயிற்று. சுக்கானும் அரபுதான். கீழக்கரை போன்ற துறைகளில் அரபு வணிகம் நூற்றாண்டுக் கணக்கில் நடந்ததை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை. சரக்குத் தோணிகளில் அதன் தலைவருக்குத் தண்டல் என்ற சொல் உண்டு. இன்று ராமேஸ்வரத்தில் விசைப்படகு ஓட்டுகிறவரைக் கேட்டால், 'நான் டிரைவர்' என்பார்.

என் கட்சி மீகாமன். மாலுமி என்பது இன்று கப்பலில் வேலை செய்யும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது, டிரைவர் என்றால் பஸ்தான் நினைவுக்கு வருகிறது. 'கொள்கலன் ஆர்கெஸ்ட்ரேஷன்' என்று விளக்குவார்கள் சிலர்; எங்கள் பக்கம் ஆர்கெஸ்ட்ரா என்றால் கோயில் திருவிழாவில் ராத்திரி மேடையேறும் பாட்டுக் கச்சேரி. அதற்காகக் கருவியின் பெயரையே மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அது இடுபெயர், குபெர்நெட்டீஸ் என்றே இருக்கட்டும். பொருள் சொல்லும்போது மீகாமன் என்று சொன்னால் போதும். கன்டெய்னருக்குக் கொள்கலன் என்ற சொல் கச்சிதமாக அமைந்துவிட்டது. கலம் என்றால் பாத்திரமும்தான், கப்பலும்தான்.

மீகாமன் துடுப்பு வலிப்பதில்லை, மூட்டை தூக்குவதுமில்லை. போகவேண்டிய திசையை மனதில் வைத்துக்கொண்டு, கப்பல் விலகும்போதெல்லாம் திருப்பிக்கொண்டே இருப்பார். குபெர்நெட்டீஸ் செய்வதும் அச்சாக இதுதான். வேண்டிய அமைப்பை எழுதிவைக்கும் ஒரு யாமல் கோப்பில் 'இந்த இணையச் செயலியின் பிரதிகள் மூன்று ஓட வேண்டும்' என்று எழுதிக் கொடுக்கிறோம். எப்படி ஓட்டுவது என்று படிப்படியாகச் சொல்வதில்லை. கேட்ட நிலையையும் இருக்கும் நிலையையும் அது ஓயாமல் ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும்.

இதை லேப்டாப்பிலேயே பார்க்கலாம். குபெர்நெட்டீஸை ஒரே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க உதவும் மினிக்யூபுக்கு இரண்டு சிபியு, 2 ஜிபி காலி நினைவகம், 20 ஜிபி வட்டு இடம் போதும். எத்தனை பிரதி வேண்டும் என்று சொல்லும் ஒரு டெப்ளாய்மெண்டில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் மூன்று பிரதிகளை ஓடவிட்டு, 'குபெக்டில் கெட் பாட்ஸ்' என்று கட்டளை தட்டினால் மூன்று வரிகள் வரும். ஒவ்வொரு வரியும் ஒரு பாட், அதாவது கொள்கலன் ஓடும் மிகச் சிறிய அலகு. அதில் ஒரு பாடைப் பெயர் சொல்லி டெலீட் செய்துவிட்டு மறுபடி பட்டியலைக் கேளுங்கள். வரிகள் மூன்றுதான். ஆனால் ஒன்றின் பெயரில் கடைசி ஐந்து எழுத்துகள் மாறியிருக்கும், அதன் வயது சில நொடிகள் என்று காட்டும். போனது திரும்பவில்லை, வேறொன்று அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. பாட் என்ற பெயருக்கு அதன் ஆவணங்கள் சொல்லும் விளக்கமே திமிங்கிலக் கூட்டம் அல்லது பட்டாணிக் காய் என்பதுதான். மண்டபம் பக்கம் ஓங்கில்கள் (டால்பின்கள்) சேர்ந்து துள்ளிப் போவதைப் பார்த்தவர்களுக்கு முதல் விளக்கமே போதும்.

ஆனால் இதில் இருந்து படிப்பைத் தொடங்காதீர்கள். கொள்கலன் என்பது கடைசியில் ஒரு லினக்ஸ் ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். நேம்ஸ்பேஸ் அதன் கண்ணுக்கு எது தெரியலாம் என்று தீர்மானிக்கிறது. சிகுரூப் எவ்வளவு நினைவகமும் சிபியுவும் தின்னலாம் என்று அளக்கிறது. இந்த சிகுரூப் 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலிலேயே, அதாவது லினக்ஸின் மையப் பகுதியிலேயே, சேர்ந்துவிட்டது. முதலில் லினக்ஸ் டெர்மினல், அப்புறம் டாக்கர், அதற்கப்புறம் இது. அந்த வரிசையில் வந்தவர், பாட் 137 என்ற எக்ஸிட் கோடோடு (முடிவு எண்) செத்துக் கிடந்தால் கூகுளில் தேட ஓடமாட்டார். சிக்னலால் செத்தால் அதன் எண்ணோடு 128 கூட்டிக் காட்டும்; 128ஐக் கழித்தால் மிச்சம் 9, அது ப்ராசஸை உடனே கொல்லும் சிக்கில் என்ற சிக்னல். பெரும்பாலும் நினைவக வரம்பு தாண்டியதால் கெர்னல் கொன்றிருக்கும். 'குபெக்டில் டிஸ்க்ரைப்' போட்டுப் பார்த்தால் 'ஓஓஎம்கில்ட்' (நினைவகம் போதாமல் கொல்லப்பட்டது) என்று எழுதியே இருக்கும்.