ஓரத்தில் வெட்டியது என்ன?

இந்த மாதத்தில் இப்படி வருவது மூன்றாவது ஆர்டர். பையனுக்கு ஏழாவது பிறந்தநாள், ஆறுக்கு நாலு ஃப்ளெக்ஸ். அவன் முகத்தை ராணுவ உடையில் ஒட்ட வேண்டும், மேலே போர் விமானம், பின்னால் எரிகிற ஊர். விமானப் படத்தை அப்பாவே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கம்ப்யூட்டர் கேமில் எடுத்த ஸ்கிரீன்ஷாட். மூலையில் மிச்சமிருக்கும் குண்டுகளைக் காட்டும் எண்ணைக்கூட யாரும் வெட்டவில்லை. சொன்னேன். "இன்னாண்ணா, டிவிலயே காட்னாங்க, பொய்யா காட்டுவாங்க?" என்றார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது வருடமாக டிசைன் வேலை பார்க்கிறேன். அந்தக் கேள்விக்கு இனி ஒவ்வொரு கஸ்டமருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லத் தெம்பில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது 'ஆர்மா 3' கேம் காட்சிகள் நிஜப் போர் என்று சுற்றின. அது பொய், பிடித்துவிடலாம். எனக்குக் கடுப்பேற்றுவது வேறு. நிஜமான போர்ப் படத்தைக் காட்டிச் சொல்வார்கள்: "பிரச்சாரம்னா பொய். இது நிஜம். அதனால இது பிரச்சாரம் இல்ல." படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள்.

ஐயா, என் தொழிலில் பொய்யே தேவையில்லை. கல்யாண போட்டோவில் ஓரமாக முறைத்துக்கொண்டு நிற்கும் சித்தப்பாவை க்ராப் பண்ணிவிட்டால் சந்தோஷமான குடும்பம் ரெடி. மிச்சமிருப்பதில் ஒரு புள்ளிகூடப் பொய் கிடையாது. போருக்கு ஆள் சேர்க்கும் அரசாங்கங்கள் பிடிப்பதும் இதே கத்தரியைத்தான்.

1915இல் பிரிட்டனில் வந்த ஒரு போஸ்டரைத் தேடிப் பாருங்கள். சாய்வு நாற்காலியில் அப்பா, மடியில் மகள், தரையில் பொம்மைச் சிப்பாய்களோடு மகன். 'இந்தப் பெரும்போரில் நீங்க என்ன செஞ்சீங்க அப்பா?' என்று மகள் கேட்கிறாள். வெறும் கேள்வி, அதில் பொய் எங்கே? அப்பாவின் கண் மகளைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறது. (லே-அவுட் என்று பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். அத்தனை கச்சிதம்.) ஆனால் போருக்குப் போய்த் திரும்பாதவன் வீட்டில் அந்த நாற்காலி காலி. அந்த வீட்டை யாரும் வரையவில்லை.

பிணத்தைக் காட்டினால் அது போருக்கு எதிரான படம் என்பது இன்னொரு நினைப்பு. 1916இல் முதல் உலகப்போரின் சோம் போர்க்களத்தைப் பற்றி வந்த பிரிட்டிஷ் படத்தில் காயம்பட்டவர்கள், செத்தவர்கள் எல்லாம் நிஜம். பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் ஏறி ஓடும் பிரபலமான காட்சிதான் செட்-அப். அரசின் சம்மதத்தோடு ஓடிய அந்தப் படத்தை ஆறே வாரத்தில் சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். 1986இல் போர் விமானிகளைப் பற்றிய 'டாப் கன்' படத்துக்கு அமெரிக்கக் கடற்படை கப்பலும் விமானமும் கொடுத்தது, ஸ்கிரிப்டையும் வாங்கிப் பார்த்தது. சில தியேட்டர் வாசலில் ஆள்சேர்ப்பு மேசையே போட்டார்கள்.

நம்ம பக்கம்? இரண்டாம் உலகப்போரின்போது ஃபிலிம் ரேஷன். படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது. வெள்ளைக்கார அரசு போர் ஆதரவுப் படம் கேட்டது. 1945இல் 'பர்மா ராணி' என்ற தமிழ்ப் படம் வந்தது அப்படித்தான். அதற்கு மூன்று வருடம் முன்பு பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள், வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த நடைக்கு ஒரு போஸ்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இவ்வளவு ஏன், 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டு எரித்தது நம்ம சென்னை ஹார்பர் எண்ணெய் டேங்குகளை. இன்றைக்கும் கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்கிறோம். அன்று செத்தவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா? கப்பல் பெயர் தெரியும்.

ராணுவத்துக்குப் போகாதே என்று நான் யாரையும் தடுக்கவில்லை, என் மச்சானே பட்டாளத்தில் இருந்தவர். ஆனால் படம் வந்தவுடன் ஃபார்வர்ட் பண்ணாதீர்கள், ஒரு ராத்திரி பொறுங்கள், ஒன்றும் குடிமுழுகாது. போர்ப் படத்துக்குப் போனால் ராணுவம் செய்த உதவிக்கு முதலில் ஓடும் நன்றி கார்டைப் படியுங்கள், பாப்கார்ன் அப்புறம். பையனுக்குப் பதினேழு நெருங்கினால் ரீலை நிறுத்திவிட்டு ராணுவ ஆள்சேர்ப்பு அறிவிப்பைக் கையில் கொடுங்கள். அக்னிவீராக ராணுவத்தில் சேர்ந்தால் 4 வருடம், அதற்குப் பிறகு நிரந்தரமாக எடுப்பது 25 சதவீதம் வரைதான். பாட்டு போட்ட ரீலில் இந்தக் கணக்கு வராது. சின்னப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் எரிகிற ஊரை வைக்கச் சொல்லாதீர்கள், ப்ளீஸ். அந்த ஊரிலும் யாருக்கோ ஏழு வயது.

அந்த ஃப்ளெக்ஸை அடித்தேனா? அடித்தேன், காசும் வாங்கினேன். விமானத்தை அப்படியே வைத்து, எரிகிற ஊரை மட்டும் எடுத்துவிட்டு நீல வானம் வைத்தேன். அவர் கவனிக்கவேயில்லை. கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்து, "சூப்பரா கீதுண்ணா" என்றார். அழகாகத்தான் இருந்தது.