ஐசோலேஷன் ரூம் யாருக்கு?

போன மாதம் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தொற்றுத் தடுப்பு ஆய்வுக்காகப் போயிருந்தேன். அங்கே இருப்பது ஒரே ஒரு ஐசோலேஷன் ரூம். அதில் ஹெர்னியா ஆபரேஷன் முடிந்த ஒருவர் படுத்திருந்தார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, தையல் போட்ட இடத்தில் கசிவுகூட இல்லை. கதவில் சிவப்பு ஸ்டிக்கர், கேஸ் ஷீட் அட்டையிலும் சிவப்பு ஸ்டிக்கர். அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதாம்.

அதே மாடியில் பொது வார்டில், சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியான ஒருவர் மாஸ்க்கூட இல்லாமல் இருமிக்கொண்டு இருந்தார். பக்கத்துக் கட்டிலில் சர்க்கரைக் கால் புண்ணோடு ஒரு பெரியவர். இவரை ஏன் தனி அறைக்கு மாற்றவில்லை என்று கேட்டேன். "ரூம் காலி இல்லை மேடம்" என்றார் டூட்டி சிஸ்டர்.

முதல் தடவை பார்த்திருந்தால் அங்கேயே பேசி முடித்துவிட்டு வந்திருப்பேன். இதே காட்சியை வேறு வேறு ஊர்களில் பார்த்துச் சலித்துவிட்டதால்தான் எழுதுகிறேன்.

ஒரு நோயாளியைத் தனிமைப்படுத்தலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரே கேள்வி போதும்: கிருமி இவர் உடம்பிலிருந்து எந்த வழியாக வெளியே வந்து அடுத்தவர் உடம்புக்குள் போகிறது? நோயின் பெயரைக் கேட்டால் நமக்கு எவ்வளவு பயம் வருகிறது என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது. காற்றில் பரவினால் தனி அறை, மூடிய கதவு. கைபட்டுப் பரவினால் கையுறை, கவுன், முடிந்தால் தனி அறை. இரத்தத்தால் பரவினால் தனி அறையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எச்.ஐ.வி. மூன்றாவது வகை. கட்டிலைத் தொட்டால் வராது. அவர் சாப்பிட்ட தட்டில் சாப்பிட்டால் வராது. அதே கழிப்பறைக்குப் போனால் வராது. பி.பி. பார்த்தால், தோளில் கை வைத்தால், பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் வராது. அவர் இருமினாலும் தும்மினாலும் வராது. நர்சிங் படித்தவர்களுக்கு இதையெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் தேர்வில் இதைச் சரியாக எழுதிப் பாஸானவர்கள்தான் அந்த அறைக்குள் இரண்டு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டை நீட்டுகிறார்கள். எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்குத் தனி அறை தேவைப்படும் நேரமும் உண்டு. கூடவே காசநோய் இருந்தால் தேவைப்படும்; அது காசநோய்க்காகத் தரும் அறை.

இந்தப் பயத்துக்கு வயதாகிவிட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான், 1986-இல். மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அன்றைக்கு மருந்து கிடையாது, பயந்ததில் நியாயம் இருந்தது. அந்த எண்பதுகளிலேயே உலகம் ஒரு நல்ல பாடமும் கற்றுக்கொண்டது. யாருக்கு என்ன இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லோருடைய இரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே நினைத்துக் கையாள வேண்டும். இன்று நாம் சொல்லும் பொதுவான முன்னெச்சரிக்கைகள் எல்லாம் அதிலிருந்து வளர்ந்தவைதான்.

சிவப்பு ஸ்டிக்கர் இதைத் தலைகீழாக்கிவிடுகிறது. ஸ்டிக்கர் இருந்தால் கவனம், இல்லாவிட்டால் அலட்சியம். ஸ்டிக்கர் இல்லாத நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு அதற்கு மறுபடி மூடி மாட்டுவார்கள், அப்போதுதான் விரலில் குத்தும். அந்த நோயாளிக்குப் பரிசோதனையே செய்திருக்க மாட்டார்கள். செய்திருந்தாலும், தொற்று புதிதாக வந்திருந்தால் சில வாரங்களுக்கு முடிவு நெகட்டிவ் என்றே வரலாம். ஸ்டிக்கரை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

சட்டமும் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக ஒருவரை ஒதுக்கிவைக்கவும், அனுமதியில்லாமல் அதை அடுத்தவருக்குத் தெரியப்படுத்தவும் அந்தச் சட்டம் தடை விதிக்கிறது. கதவில் ஒட்டிய ஸ்டிக்கர் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது. நிர்வாகங்கள் வசதியாக மறந்துபோகும் இன்னொரு பகுதியும் அதே சட்டத்தில் உண்டு: ஊழியர்களுக்குப் பாதுகாப்புப் பொருட்களும், ஊசி குத்திவிட்டால் தடுப்பு மருந்தும் தர வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. கையுறை ஸ்டாக் இல்லாத வார்டில் சிஸ்டரை மட்டும் திட்டிப் பயனில்லை.

சரி, பயப்பட்டே ஆக வேண்டும் என்றால், இரத்தத்தால் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்குப் பயப்படுங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி என்றால் அது 30 சதவீதம் வரைகூடப் போகலாம். காய்ந்த இரத்தத்தில் அந்த வைரஸ் ஒரு வாரம் உயிரோடு இருக்கும். நல்ல தடுப்பூசி இருக்கிறது: முதல் டோஸ், ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. எச்.ஐ.வி. ரூமுக்கு டூட்டி போட்டால் முகம் சுளிக்கிறவர்களிடம் "மூணாவது டோஸ் போட்டாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கூரையைப் பார்ப்பார்கள்.

இப்போது அந்தப் பொது வார்டுக்கு வருவோம். காசநோய்க் கிருமி இருமலில் வரும் மிக நுண்ணிய துளிகளில் மணிக்கணக்காக மிதக்கும். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு அதிகம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அதைவிடப் பல மடங்கு. அப்படியானால் அந்த மாடியில் யார் யாருக்கு ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள்.

உள்ளே இருக்கும் காற்று வராந்தாவுக்கு வராதபடி அமைத்த நெகட்டிவ் பிரஷர் ரூம் எல்லா மருத்துவமனையிலும் இருக்காது, எனக்கும் தெரியும். ஜன்னல் இருக்கிறதல்லவா? ஸ்பிளிட் ஏசியை நிறுத்துங்கள். அது வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிரவைத்துச் சுற்றவிடுகிறது. வராந்தாப் பக்கக் கதவைச் சாத்தி, வெளியே திறக்கும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். நோயாளிக்குச் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க், உள்ளே போகும் உங்களுக்கு என்-95. பல இடங்களில் இது மாறிக் கிடக்கிறது. வால்வு வைத்த என்-95-ஐ நோயாளிக்கு மாட்டினால் அவர் விடும் மூச்சு வால்வு வழியாக அப்படியே வெளியே வரும். அடர்ந்த தாடிக்கு மேல் என்-95 போட்டால் ஓரத்தில் காற்று போகும். அதைப் போட்டும் பயனில்லை. தட்டு, டம்ளர் தனியாக வைக்கச் சொல்லி அவரையும் நோகடிக்காதீர்கள். காசநோய் பாத்திரத்தால் பரவாது. சாதாரண வகைக் காசநோய் என்றால், சரியான மருந்து ஆரம்பித்த பிறகு பொதுவாக இரண்டு வாரங்களில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

அம்மை போட்டவர்களும் இந்தக் கணக்கில் வருகிறவர்கள்தான். சின்னம்மையோ தட்டம்மையோ, ஓ.பி. வரிசையில் கர்ப்பிணிகளுக்கு நடுவே உட்கார வைக்காதீர்கள். தட்டம்மைக் கிருமி ஆள் எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்த அறைக் காற்றில் இருக்கும். சின்னம்மைக் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தனியாக இருக்க வேண்டும்.

ஐ.சி.யூ.-வில் மருந்துக்கு அடங்காத, கைபட்டுப் பரவும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா உள்ள நோயாளியை மட்டும் யாரும் கண்டுகொள்வதே இல்லை. பெயர் பயமாக இல்லை போல. அவருக்கு டயப்பர் மாற்றிய அதே கையுறையோடு அடுத்த கட்டிலின் டிரிப் வேகத்தைக் கூட்டுகிறார்கள், லிஃப்ட் பட்டனை அமுக்குகிறார்கள், போன் பேசுகிறார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு கையுறை. கழற்றிய உடனே கையில் சானிடைசர், 20 நொடி, முழுக்கக் காயும்வரை. கையில் அழுக்கு தெரிந்தாலோ, நோயாளிக்குத் தொற்று வயிற்றுப்போக்கு இருந்தாலோ சோப்பும் தண்ணீரும்தான்.

ஊசி குத்திவிட்டால் விரலை அமுக்கிப் பிழியாதீர்கள், வாயில் வைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். டூட்டி டாக்டரிடம் அப்போதே சொல்லுங்கள், ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. திட்டுவார்கள் என்று பயந்து மூன்று நாள் மறைத்துவிட்டு அழுதுகொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அன்றைக்கே வாருங்கள், யாரும் திட்ட மாட்டோம்.