துருசால் போகும் தண்ணீரும் தெருவால் போகும் கார்களும்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். அவருடைய தம்பி குடும்பம் கனடாவின் மேற்குப் பக்கத்தில், நகரத்தின் ஓரத்தில், காட்டை ஒட்டிப் புதிதாகக் கட்டிய வீட்டுத் தொகுதி ஒன்றில் வீடு வாங்கியிருக்கிறது. போன கோடையில் காட்டுத்தீ நெருங்கியபோது எல்லாரையும் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். தொகுதியின் வாசலைத் தாண்டவே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனதாம். "அங்க வீட்டுக்கு இரண்டு கார் நிக்குது, ரோட்டும் கண்ணாடி மாதிரி. நாங்கள் லான்ட்மாஸ்டரில ஓடின ஆக்கள். அவை ஏன் நிண்டவை?"

இந்தக் கேள்வியை இரண்டு கிழமையாக மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எனக்குக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து அணைக்கட்டில் நிற்கும்போதுதான் ஒழுங்காக வந்தது.

குளத்தில் நீர்மட்டம் ஏற ஏற, துருசால், அதாவது மதகால், பாயும் தண்ணீரின் வேகமும் கூடும். மட்டம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பின்னாலிருந்து எவ்வளவு நெருக்குகிறதோ அவ்வளவு வெளியே வரும். நாங்கள் எல்லாரும் வீதியையும் இப்படித்தான் நினைக்கிறோம். அவசரம் கூடினால் ஆட்களும் கெதியாகப் போய்விடுவார்கள் என்று மனது சொல்கிறது. ஆனால் வீதி நேர்மாறாக நடக்கிறது. ஒரு எல்லைக்கு மேல் நெருக்க நெருக்க, வெளியே வருவது குறைகிறது.

ஏன் என்று பார்ப்போம். ஒரு தாளும் பேனையும் போதும்.

வீதியோரத்தில் ஒரு தந்திக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரே வரிசையில் கார்கள் போகின்றன. ஒவ்வொரு காரும் அந்தக் கம்பத்திடம் இரண்டு வகையான நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, முன்னால் போகிறவர் பிரேக் அடித்தால் சுதாரிக்க ஓட்டுநர் விடுகிற இடைவெளி. அதை ஒன்றரைச் செக்கன் என்று வைப்போம். மற்றது, கார் தன் சொந்த உடம்பைக் கம்பத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போகிற நேரம். காரின் நீளத்தோடு, நின்றாலும் முன்னால் விடுகிற சின்ன இடத்தையும் சேர்த்தால் சுமார் 7 மீற்றர்.

மணிக்கு 60 கிலோமீற்றரில் போனால் அந்த 7 மீற்றரைக் கடக்க 0.4 செக்கன்தான். ஒரு காருக்கு மொத்தம் 1.9 செக்கன். ஒரு மணித்தியாலத்தில் 3,600 செக்கன்; வகுத்தால் கிட்டத்தட்ட 1,900 கார்கள். சரி. இப்போது புகை வந்துவிட்டது, பக்கத்து ஒழுங்கைகளிலிருந்து வண்டிகள் நுழைகின்றன, வேகம் 10 ஆக இறங்கிவிட்டது. சுதாரிக்கிற நேரம் அதே ஒன்றரைச் செக்கன்தான். ஆனால் உடம்பை இழுக்க இப்போது இரண்டரைச் செக்கன் வேண்டும். மொத்தம் நான்கு. மணிக்கு 900 கார்கள்தான். வேகம் 5 ஆனால் 550.

எனக்கு இதில் பிடித்தது இதுதான். வேகமாகப் போகும்போது காரின் நீளம் ஒரு பொருட்டே இல்லை. மெதுவாகும்போது அந்த நீளமே கணக்கை விழுங்கிவிடுகிறது. பாதையில் தடை எதுவும் இல்லை, எல்லாரும் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனாலும் வாசல் பாதியாகச் சுருங்கிவிட்டது. தண்ணீர்த் துளிக்கு உடம்பும் இல்லை, பயமும் இல்லை. கார்க்காரருக்கு இரண்டும் உண்டு.

இனி அந்தத் தம்பியின் தொகுதியை எடுப்போம். ஆயிரம் வீடுகள், வீட்டுக்கு இரண்டு கார், வெளியேற ஒரு வரிசை என்று வையுங்கள். 2,000 கார்கள் நல்ல வேகத்தில் போனால் ஒரு மணித்தியாலம். 10 கிலோமீற்றர் வேகமென்றால் இரண்டே கால் மணித்தியாலம். 5 என்றால் மூன்றரைக்கு மேல். எல்லாம் ஒரே வரிசையில் நின்றால் அந்த வரிசையின் நீளம் 14 கிலோமீற்றர். பரந்தன் சந்தியிலிருந்து ஆனையிறவைத் தாண்டியும் வால் நீளும்.

நின்று நின்று போகிற அந்த அசைவையும் சொல்ல வேண்டும். 2008இல் வெளியான ஆய்வொன்றுக்காக ஜப்பானில் சுகியாமா என்ற இயற்பியலாளரும் அவர் குழுவும் 230 மீற்றர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். முன்னால் போகிற காரோடு முட்டாமல் ஒரே வேகத்தில் போங்கள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எந்தக் காரணமும் இல்லாமல் சில கார்கள் நின்றன. அந்த நிற்றல் ஒரு அலையாகப் பின்னோக்கி, மணிக்குச் சுமார் 20 கிலோமீற்றர் வேகத்தில் நகர்ந்தது. கார்கள் முன்னே போக, நெரிசல் பின்னே போகிறது.

இதை நான் முதலில் அறிந்தது புத்தகத்தில் அல்ல. 1995 ஒக்டோபர் 30, போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவு. கிட்டத்தட்ட ஐந்து இலட்சம் சனம், நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே வீதி. மழை. அம்மா சைக்கிளை உருட்ட, நான் கரியரைப் பிடித்திருந்தேன். எங்கள் முன்சில்லு முன்னால் நின்ற ஐயாவின் பின்சில்லில் முட்டும், நிற்போம். அவர் ஒரு அடி வைத்தால் நாங்களும் ஒரு அடி. எங்களுக்குப் பின்னால் "நில்லுங்கோ, நில்லுங்கோ" என்ற குரல் ஆளுக்கு ஆள் மாறிப் பின்னோக்கிப் போய்த் தேய்ந்துவிடும். அந்தக் குரல்தான் சுகியாமாவின் அலை.

சரி, வாசல் சுருங்குகிறது. நேரமாவது இருக்கிறதா என்றால், அங்கேதான் தணல் வருகிறது. சிறுபோக அறுவடை முடிந்து சோளகம் வீசுகிற நாளில் வைக்கோல் எரித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நெருப்பு வரப்பில் நிற்கும். தணல் பறந்து அடுத்த வளவின் கிடுகு வேலியில் போய் விழும். எங்கள் வன்னிக் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் வைப்பது, சருகோடு தரையில் ஊர்வது. கனடாவின் பைன் காடும் அவுஸ்திரேலியாவின் யூக்கலிப்டஸ் காடும் உச்சிவரை பற்றுபவை. மரப்பட்டைகளைக் காற்று கிலோமீற்றர் கணக்கில் காவிக்கொண்டு போகும். 2009 பெப்ரவரி 7 அன்று அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தீமுனைக்கு 30 கிலோமீற்றர் முன்னாலும் புதுத் தீக்கள் பற்றின. அந்தத் தீக்களில் இறந்தவர்கள் 173 பேர்.

கலிபோர்னியாவின் பரடைஸ் என்ற ஊருக்கு இடம்பெயர்வுத் திட்டம் ஒன்று நன்றாகவே எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஊரை வலயங்களாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக வெளியேற்றுவதே யோசனை. வாசல் நெரியாமல் இருக்க அதுதான் சரியான வழியும்கூட. 2018 நவம்பர் 8 காலை ஆறரை மணியளவில் தூரத்து மலைப்பள்ளத்தில் தீ தொடங்கியது. எட்டு மணிக்குள் தணல் ஊருக்குள் பல வலயங்களில் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டது. எல்லாரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். 85 பேர் இறந்தார்கள், சிலர் கார்களுக்குள்ளேயே. லொஸ் ஏஞ்சல்ஸில் 2025 ஜனவரியில் சனம் காரை வீதியிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடியது. பிறகு தீயணைப்பு வண்டிக்கு வழி எடுக்க அந்தக் கார்களைப் புல்டோசர் தள்ளியது.

புதிய புறநகர்த் தொகுதிகளின் வீதிப்படம் ஒரு மரம் மாதிரி. மறுபக்கம் மூடிய ஒழுங்கைகள் எல்லாம் ஒரு கிளையில் சேர, கிளைகள் ஒரே அடிமரத்தில் சேரும். வெளி வாகனம் உள்ளே வராது, பிள்ளைகள் தெருவில் விளையாடலாம் என்றுதான் அப்படிப் போடுகிறார்கள். வாங்குபவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். சாதாரண நாளில் அது நல்ல யோசனைதான். ஆயிரம் வீடும் ஒரே நேரத்தில் கிளம்புகிற நாளை யாரும் அந்தப் படத்தில் வரைவதில்லை. இப்படிச் சாகிறவர்களை "அவையின்ர விதி" என்று எங்கள் ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் கோபம் வரும். கிரேக்கத்தின் மாட்டியில் 2018இல் 104 பேர் இறந்தார்கள். கடலுக்கு இறங்க வழியில்லாத ஒழுங்கைகளில் பலர் அகப்பட்டார்கள். அந்த ஒழுங்கைகளை வரைந்தது மனிதர்.

எனக்கு ஒரு ஆசையும் உண்டு. இடம்பெயர்வைக் கணினியில் போட்டுப் பார்ப்பவர்களுக்குப் பெரிய குறை, ஆட்கள் உண்மையில் எப்போது வெளிக்கிடுவார்கள், யாருக்காகக் காத்திருப்பார்கள், எதை எடுக்கத் திரும்பிப் போவார்கள் என்ற தரவு இல்லாததுதான். எந்தச் சந்தியில் எவ்வளவு நேரம் நின்றோம், மாட்டை அவிழ்த்துவிட எத்தனை நிமிடம் போனது என்று இன்றும் சொல்லக்கூடிய சனம் வன்னியில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு குறிப்புப் புத்தகமும் பஸ் காசும் கொடுத்து இதை எழுதி எடுக்க வைக்க எவ்வளவு பணம் போய்விடும்? அந்த அம்மாக்களும் ஐயாக்களும் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

அக்காவுக்கு இப்போதைக்கு: அடுத்த முறை தம்பி குடும்பம் இரண்டு காரில் அல்லாமல் ஒரே காரில் வரட்டும். புகை கண்ணில் படும் வரை பாராமல், முதல் அறிவிப்போடு கிளம்பட்டும். தொகுதியின் பின்பக்கம் அவசரத்துக்கென்று இரும்புப் படலை ஒன்று இருப்பதாகவும் அன்று அது பூட்டிக் கிடந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.