அக்விஃபர்: நீர்த்தாங்கியா, நீர்கொள் அடுக்கா?

மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவின் வறட்சியைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடறுகிற சொல் ‘அக்விஃபர்’, நிலத்தடியில் நீர் தங்கும் அடுக்குக்கான ஆங்கிலச் சொல். அங்கே ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை, ஏரியும் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 550 மி.மீ. மழை, அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். நூற்றாண்டுகளாகக் கோடையில் அவர்களுக்குக் கைகொடுத்தது, வீட்டுத் தொட்டிகளில் சேமித்த மழைநீரும் இந்த அக்விஃபரும்தான்.

லத்தீனில் ‘அக்வா’ என்றால் தண்ணீர், ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல். கூம்பு தரும் மரங்களைக் ‘கானிஃபர்’ என்கிறார்களே, அதே வால்தான் இதிலும். சரி, தண்ணீரைச் சுமப்பது எது? பாறை. பூமிக்கடியில் ஒரு குகை, அதற்குள் ஒரு குளம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. நன்றாகக் காய்ந்த செங்கல் ஒன்றின்மேல் அரைச் செம்புத் தண்ணீரை மெதுவாக விட்டுப் பாருங்கள். ‘சுர்’ரென்று உறிஞ்சிக்கொள்ளும். செங்கல்லின் நிறம் கருக்கும், தூக்கினால் கனக்கும். தண்ணீர் மட்டும் கண்ணில் படாது. மால்டாவின் சுண்ணாம்புப் பாறையும் துளைகளிலும் வெடிப்புகளிலும் இப்படித்தான் நீரை வைத்திருக்கிறது.

அந்த ஊர்க்காரர்களின் பழைய சொல் இன்னும் அழகு. மால்டிய மொழி அரபு வழி வந்தது. அதில் ஊற்றுக்கும் கண்ணுக்கும் ஒரே சொல். நாம் ‘ஊற்றுக்கண்’ என்பதை அவர்கள் ‘கண்’ என்றே சொல்லிவிடுகிறார்கள்! மேற்கு மேடுகளில் மழைநீர் பாறைக்குள் இறங்கி, நீலக் களிமண் அடுக்கில் தடுக்கி, பக்கவாட்டில் கசியும் இடங்கள் இந்தக் கண்கள். அவற்றின் நீரை வலெட்டா நகருக்குக் கொண்டுபோக 1610 முதல் 1615 வரை கால்வாய் கட்டினார்கள்.

அதற்கும் கீழே இருக்கிறது பெரிய அடுக்கு. அங்கே பாறைக்குள் நன்னீர், கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்நீர் சற்றே அடர்த்தி கூடியது என்பதால், நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி நிற்கும். இந்தக் கணக்கு திரும்பியும் அடிக்கும். மேலே 1 மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறும். அதனால்தான் அங்கே ஆழத்துளை போட்டு உறிஞ்சுவதோடு நிற்காமல், கடல்மட்டத்தையொட்டிப் படுக்கைவாட்டில் சுரங்கம் வெட்டி, நன்னீரை மேலாக வழித்தெடுக்கவும் செய்தார்கள். அப்படியும் போதவில்லை. இன்று குடிநீரில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் கிடைக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். ‘நீர்த்தாங்கி’ லத்தீனுக்கு நேர் பொருத்தம். ஆனால் இலங்கையில் ‘தண்ணீர்த் தாங்கி’ என்றால் தொட்டி. படிப்பவர் மனதில் மறுபடி அந்தக் குளமே வந்துவிடும். ‘நீர்ப்படுகை’ நல்ல சொல்தான், ஆனாலும் காவிரிப் படுகை என்று ஆற்றுக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்குப் பிடித்தது ‘நீர்கொள் அடுக்கு’. கொள்ளுதலில் வாங்கிக்கொள்வதும் உண்டு, வைத்துக்கொள்வதும் உண்டு. பாறையோ மணலோ, ‘அடுக்கு’ எதற்கும் பொருந்தும்.

தொட்டி என்றால் காலியாகும். தீவின் நீர்கொள் அடுக்கு காலியாவதற்கு முன்பே உப்பாகிவிடும். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்களுடையதும் சுண்ணாம்புப் பாறைதான். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். மால்டாவின் வறட்சியை எழுதும்போதும் ‘கிணறு வற்றியது’ என்பதைவிட ‘கிணறு உவராகிவிட்டது’ என்று எழுதுவதே சரி.