ஆண்களுக்கு மார்பு பெருப்பது: மாத்திரை உறையிலிருந்து தேடத் தொடங்குங்கள்

மலையகத்துக் குளிரில் ஸ்வெட்டர் எல்லாவற்றையும் மறைத்துவிடும். பையன் பீலியில் மற்றவர்களோடு குளிக்காமல் இருட்டிய பிறகு தனியே போவதும், வொலிபோல் ஆட்டத்தை விட்டுவிடுவதும்தான் பெரும்பாலும் வீட்டார் கண்ணில் படும். மறைத்து வைப்பதில் நட்டம் ஒன்று உண்டு. மார்புச் சுரப்பி வளரத் தொடங்கிய முதல் ஒரு வருடத்துக்குள் காரணத்தை நீக்கினாலோ மருந்து கொடுத்தாலோ சுருங்க நல்ல வாய்ப்பிருக்கிறது. அதற்குப் பிறகு நார்த்திசுவாக இறுகிவிடும். மாத்திரை பெரிதாக வேலை செய்யாது.

முதலில் அது சுரப்பியா, வெறும் கொழுப்பா என்று பாருங்கள். மல்லாந்து படுத்து ஒரு கையைத் தலைக்குக் கீழே வையுங்கள். மறு கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் மார்பின் இரு புறமும் வைத்து, காம்பை நோக்கி மெதுவாக நெருக்குங்கள். காம்புக்கு நேர் கீழே, ரப்பர் போல, விளிம்பு தெரியும் ஒரு தட்டு விரலில் தடுக்கினால் சுரப்பி. தடையில்லாமல் விரல்கள் காம்புவரை வந்தால் கொழுப்பு. எடை குறைந்தால் அதுவும் குறையும். பருமனானவருக்கு இரண்டும் சேர்ந்து வரலாம், ஏனென்றால் ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜனாக மாற்றும் வேலை கொழுப்புத் திசுவிலும் நடக்கிறது. ஈஸ்ட்ரஜன் ஆண் உடலிலும் உண்டு. அது கூடினாலும், டெஸ்டோஸ்டிரோன் குறைந்தாலும் சுரப்பி வளரும்.

வயதோடு வருவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பிறந்த குழந்தைக்குத் தாயின் ஹோர்மோனால் வீங்கும், சில வாரங்களில் வற்றும். குளிப்பாட்டும்போது அதைப் பிதுக்கிப் பால் எடுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், சீழ் கட்டிவிடும். 13, 14 வயதில் ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு, சில சமயம் ஒரு பக்கம் மட்டும், வலியோடு வரும். பெரும்பாலும் 2 வருடத்துக்குள் தானாக மறையும். 50 தாண்டியவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவதால் வருவதுண்டு, ஆனால் அந்த வயதில் மருந்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தோட்ட டிஸ்பென்சரி, அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக், டவுன் பாமசி என்று மூன்று இடத்தில் மருந்து எடுப்பவரின் முழுப் பட்டியல் அந்த மூன்று இடத்திலும் இருக்காது. வயிற்றில் நீர் கட்டுவதற்கும் இதய பலவீனத்துக்கும் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன்தான் பெயர்போன காரணம். டோஸ் கூடக் கூட வாய்ப்பும் கூடும். புரொஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டரைட், மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், காஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லிக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டொம்பெரிடோன், வயிற்றுப்புண்ணுக்கான பழைய சிமெட்டிடின், இதயத்துக்கான டிகோக்சின், சிலருக்கு நிஃபெடிபின் போன்ற பிரஷர் மாத்திரை ஆகியவையும் பட்டியலில் உண்டு. சந்தேகம் வந்தவுடன் நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்தினால் நீர் மறுபடி கட்டும். டாக்டர் எப்லெரினோன் போன்ற மாற்று மருந்து தரலாம்.

சாராயமும் கசிப்பும் இரண்டு வழியில் தாக்குகின்றன. விதைகளில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது குறைகிறது. ஈரல் சுருங்கியபின் ஹோர்மோன் சமநிலையும் கெடுகிறது. வயிற்றில் நீர் கட்டியதும் அதே ஆளுக்கு ஸ்பைரோனோலாக்டோனும் சேர்கிறது. இரண்டில் எது காரணம் என்று பிரிக்க முடியாமல் போவது இங்கேதான்.

ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் போடும் ஸ்டெரொய்ட் ஊசி வேறு கதை. வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரஜனாக மாறும், சொந்த விதைகளோ வேலையை நிறுத்திச் சிறுக்கும். ஊசியை விட்ட பிறகே மார்பு வீங்குவதும் உண்டு.

சோயா மீட்டையும் ப்ரொய்லர் கோழியையும் பலர் குற்றம் சொல்கிறார்கள். கறிக்குப் போடும் அளவு சோயா இதைச் செய்யாது. கோழி சீக்கிரம் வளர்வது இனத்தேர்வாலும் தீனியாலும்.

தைரொயிட் கூடுதல், நாள்பட்ட சிறுநீரக நோய், பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை ஆகியவையும் காரணமாகலாம். வெட்கத்தால் விட்டுப்போகும் ஒன்று விதைப் பரிசோதனை. விதைக் கட்டி முதலில் மார்பு வீக்கமாகவே தெரியலாம். டாக்டர் பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஆண்களுக்கும் மார்புப் புற்றுநோய் வரும். அரிது, மார்புப் புற்றுநோய்கள் மொத்தத்தில் 1 சதவீதம் அளவே ஆண்களுக்கு வருகிறது. ஒரு பக்கம் மட்டும் காம்புக்கு விலகி கல் மாதிரி கடினமாக இருக்கும் வலியில்லாத கட்டி, உள்ளிழுத்த காம்பு, இரத்தக் கசிவு, அக்குளில் நெறி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

நுவரெலியா, பதுளை, கண்டி பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு வீட்டிலுள்ள மாத்திரை உறைகள், எண்ணெய், சூரணம், பவுடர் டப்பா எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருப்பதால் இரத்தத்தை 10 மணிக்கு முன் எடுக்க வேண்டும். மத்தியான பஸ்ஸில் போய்க் கொடுத்த இரத்தம் குறைவாகக் காட்டி வீணாகக் குழப்பும். ஈரல், சிறுநீரகம், தைரொயிட், புரொலக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹோர்மோன்), எச்சிஜி (சில விதைக் கட்டிகள் சுரக்கும் ஹோர்மோன்) பரிசோதனைகளும் தேவைப்படலாம். மார்பில் ஈஸ்ட்ரஜனின் வேலையைத் தடுக்கும் டமொக்சிஃபென் மாத்திரையை நிபுணர் சில மாதங்களுக்கு எழுதலாம். அதைப் பாமசியில் நீங்களாக வாங்காதீர்கள். நாளத்தில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு.

இறுகிப்போன சுரப்பிக்கு ஒப்பரேஷன்தான். காம்பின் கருவட்ட ஓரத்தில் வெட்டிச் சுரப்பியை எடுப்பார்கள். பிறகு சில வாரம் இறுக்கமான பெனியன் போட வேண்டும். உரமூட்டை, கொழுந்து மூட்டை தூக்கினால் உள்ளே இரத்தம் கட்டும், ஆகவே 4 முதல் 6 வாரம் பாரவேலை கூடாது. மெடிக்கல் சர்டிபிகேட்டை வார்டிலேயே கேட்டு வாங்குங்கள். அதற்காக மறுபடி பஸ் ஏற வேண்டியிராது.